பஞ்சிகாவத்தைக் கப்பல் சாமான் கடை: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதிரை, மேசை, பீங்கான், பித்தளை விளக்குக் கூடு, எஃகுச் சமையல் மேசை, இப்படியானவை தேவையென்றால் இந்தக் கடைக்கு யோசிக்காமல் போங்கள். மின்சாரத்தில் ஓடுகிற எதற்கும், சுவர்ப் பலகைக்கும், உயிர்காப்பு அங்கிக்கும் போகாதீர்கள். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கிடக்கிற சாமான் முழுக்கப் பயணிகள் கப்பல்களிலிருந்து கழற்றியது, அப்படியான கப்பலொன்றில் நான் ஒன்பது வருஷம் கேபின் பராமரிக்கிற வேலை செய்திருக்கிறேன், அதனால் போய்க் கதிரை விலையை மட்டும் கேட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை.

மருதானை ஸ்டேஷனில் இறங்கிப் பஞ்சிகாவத்தைப் பக்கம் நடந்தால் வாகன உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக வரும். கதவு ஒரு கடையில், பம்பர் ஒரு கடையில், என்ஜின் இன்னொரு கடையில் என்று முழு வாகனத்தையும் துண்டு துண்டாக வாங்கலாம் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடைகளுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கைக்குள் இது இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பச்சைத் தகரக் கதவில் ஓர் உயிர்காப்பு வளையம் தொங்கும், அதுதான் அடையாளம். நடத்துபவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவரும் கேட்டுக்கொண்டார். குஜராத்தில் அலங் என்ற இடத்தில் கப்பல் உடைக்கிற கரை இருக்கிறது, அந்தக் கரைக்குப் போகிற வீதியோரம் முழுக்கக் கப்பல் சாமான் விற்கிற கடைகள். அங்கே உள்ள ஒரு கூட்டாளி மூலம் நானா அவ்வப்போது ஒரு கொன்டெய்னர் எடுக்கிறார். இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் ஒன்றும் வரவில்லையாம். இப்போது இருப்பது புதிதாக இறங்கிய சரக்கு, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

நான் என் தாய்மாமாவோடு போனேன். மாமா இங்கே துறைமுகத்துக்குள் கப்பல் திருத்துகிற இடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பிட்டராக இருந்தவர், இரும்பைத் தட்டிப் பார்த்தே வயது சொல்லுவார். நாங்கள் தேடிப் போனது ஒரு கதிரை. அம்மாவுக்கு முழங்கால் வலி, பிளாஸ்டிக் கதிரையில் இருந்தால் எழும்ப முடிவதில்லை, கையூன்றி எழும்பும்போது சரியாத பாரமான கதிரை வேண்டும். கப்பல் சாப்பாட்டு மண்டபக் கதிரை அதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். கப்பல் ஆடும்போது வழுக்கக்கூடாது என்று கனமாகச் செய்வார்கள், நல்ல கைப்பிடி வைத்திருப்பார்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை எத்தனையோ பேர் இருந்து எழும்பியும் மூட்டு ஆடாது. மெத்தைத் துணியும் நெருப்பு இலேசில் பிடிக்காத வகை, பயணிகள் கப்பலில் தளபாடத்துணிக்கு அப்படியொரு விதி உண்டு. 18,500 ரூபாய் சொன்னார், 16,000க்குத் தந்தார். வெள்ளவத்தையில் அந்த விலைக்கு வருகிற புதுக் கதிரையை நான் பார்த்துவிட்டேன், ஒட்டுப்பலகையும் ஸ்டேப்பிள் ஆணியும்தான், இதனோடு வைத்துப் பேசவே முடியாது.

கதிரையை எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் வலப்பக்கச் சுவர் முழுக்கக் கட்டிலருகே வைக்கிற சின்ன இழுப்பறைப் பெட்டிகள், ஒன்றன் மேல் ஒன்றாக நாற்பதாவது இருக்கும், எல்லாம் ஒரே நிறம், ஒரே பிடி. ஒன்றைத் திருப்பினேன். பின்பக்கத்தில் கறுப்பு மையில் நான்கு இலக்கம் எழுதியிருந்தது. நானா அதைச் சரக்கு இலக்கம் என்று நினைத்திருந்தார்.

"இல்லை நானா, இது கேபின் நம்பர். முதல் இலக்கம் எந்தத் தளம் என்று சொல்லும். கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் கப்பலின் எந்தப் பக்கம் என்று தெரியும்."

அவர் இன்னொரு பெட்டியை இழுத்துத் தானே வாசித்தார். "அப்ப இது ஏழாந் தட்டா தம்பி? இவ்வளவு நாளும் இத நான் பாக்கல்லயே."

எனக்குப் பதினெட்டு கேபின். காலையில் ஒரு தடவை, இரவுச் சாப்பாட்டு நேரம் இன்னொரு தடவை. கிழமையில் ஏழு நாளும் வேலை, எட்டு மாத ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. பயணம் முடிகிற நாள்தான் ஆகக் கஷ்டம், காலையில் பழைய ஆட்கள் இறங்குவார்கள், மதியத்துக்குப் புது ஆட்கள் ஏறத் தொடங்குவார்கள், அந்த இடைவெளிக்குள் பதினெட்டு அறையும் ஒருவரும் இருந்திராத மாதிரி ஆக வேண்டும். இந்தப் பெட்டியின் கீழ் இழுப்பறையை நான் ஒருநாளும் பார்க்காமல் விட்டதில்லை. மூக்குக்கண்ணாடி, மருந்துப் போத்தல், செபமாலை, எல்லாம் அதற்குள்தான் மறந்துபோய்க் கிடக்கும். கடையிலும் பழக்கத்தில் நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை, நன்றாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார். பெட்டி ஒன்று 4,000 ரூபாய். வாங்குங்கள், உள்ளே நல்ல ஓடுதடம், மூடும்போது சத்தமே வராது.

கடையின் ஆகப் பின்னால், கூரைத் தகரத்தை முட்டிக்கொண்டு ஒரு முழுக் குளியலறை நிற்கிறது. கொமட், கை கழுவும் தொட்டி, ஷவர், கண்ணாடி எல்லாம் ஒரே கூட்டுக்குள், மேலே குழாய் பொருத்துகிற வாய்கள். காற்றால் உறிஞ்சுகிற கொமட் நம் வீட்டுக் குழாய்க்கு ஒத்துவராது, அதனால் இதை ஒருவரும் வாங்கப் போவதில்லை. ஆனாலும் போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள், ஒரு பயணிகள் கப்பலை எப்படிக் கட்டுகிறார்கள் என்று விளங்க அந்தக் கடையில் இதைவிட நல்ல சாமான் இல்லை. இது கப்பலுக்குள் வைத்துக் கட்டிய குளியலறை இல்லை. வேறு எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்து, லொறியில் ஏற்றி வந்து உள்ளே தள்ளியது. இப்போது முழுக் கேபினையே அப்படித்தான் செய்கிறார்கள். அலுமாரி, சுவர், வயரிங் எல்லாம் முடித்துப் பூட்டிய பெட்டியாகக் கொண்டு வந்து, கப்பலின் பக்கத்தில் அதற்கென்று விட்டிருக்கிற வாயால் நுழைத்து, தளத்தின் மேல் உருட்டிக்கொண்டு போய் அதன் இடத்தில் இருத்தி, தண்ணீர், கழிவு, மின்சாரம், காற்று நான்கையும் கொளுவிவிட்டால் கேபின் தயார். அலுமாரிக்குள் இழுப்பறை போடுகிற மாதிரி. எனக்கு இது முதலில் தெரியாது. ஒரு தடவை சுவர்ப் பலகையைக் கழற்றிக் குழாய் திருத்த வந்த பொறியியல் பிரிவுப் பையன் காட்டினான், பக்கத்துக் கேபின் சுவருக்கும் இந்தக் கேபின் சுவருக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி இருந்தது.

கப்பலின் உடம்பும் துண்டு துண்டாகத்தான். உருக்குத் தகட்டில் முதல் வெட்டு விழுகிற நாளை விழாவாக வைப்பார்கள். வெட்டிய தகடுகளைச் சேர்த்துப் பகுதிகள் ஆக்குவார்கள், அதில் நிறையப் பகுதிகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் ஒட்டுவார்கள். ஏன் கவிழ்க்க வேண்டும் என்று மாமாதான் சொன்னார்: "மேலே பார்த்து வெல்டிங் பிடித்தால் பொறி முகத்தில் கொட்டும், வேலையும் சுணங்கும். கவிழ்த்துப் போட்டால் குனிந்து ஒட்டலாமடா. பிறகு கிரேன் திருப்பி வைக்கும்." முதல் பெரிய பகுதியைக் கப்பல் கட்டுகிற தளத்தில் இறக்கும்போது அடியில் நாணயம் வைக்கிற வழக்கம் இன்றைக்கும் இருக்கிறது, நம் ஆட்கள் அத்திவாரத்தில் காசு போடுகிற மாதிரியே. பிரான்சில் செயின்ட் நசேர், இத்தாலியில் மொன்பால்கோனே, பின்லாந்தில் துர்க்கு, ஜெர்மனியில் பாப்பன்பேர்க் என்று சில ஊர்கள்தான் இந்தப் பெரிய கப்பல்களில் அநேகமானவற்றைக் கட்டுகின்றன. பாப்பன்பேர்க் கடலோர ஊரே கிடையாது. அங்கே கட்டி முடித்த கப்பலை எம்ஸ் ஆற்றில் பின்பக்கம் முன்னால் வர மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு கடலுக்கு வருவார்கள். துர்க்குவில் கட்டி 2023 நவம்பரில் கையளித்த ஐகன் ஒஃப் த சீஸ் 365 மீட்டர் நீளம், மொத்தக் கொள்ளளவு 248,663 டன், படுக்கையெல்லாம் நிரம்பினால் 7,600 பயணிகள், அவர்களுக்குச் சோறு போட்டுத் துடைத்துக் கழுவ 2,350 பணியாளர்கள். அந்த 2,350 பேரை நினைத்துத்தான் நான் இந்த இலக்கத்தை எழுதுகிறேன்.

இந்தக் கடையில் ஒரு சாமான் மட்டும் கிடையாது, கம்பளம். காரணம் உண்டு. கப்பல் முப்பது வருஷம் ஓடும், கம்பளம் அவ்வளவு காலம் ஓடாது. வழக்கமாக ஐந்து வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கப்பலை உலர்தளத்தில், அதாவது தண்ணீரை வடித்துவிடுகிற பெரிய தொட்டியில், ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். மாமா சொல்லுவார், தளத்துக்குள் தண்ணீர் இறங்க இறங்க, முன்கூட்டியே அளந்து அடுக்கிய கட்டைகளின் மேல் கப்பல் வந்து உட்காருகிற அந்த நேரத்தில் ஒருவரும் கதைக்க மாட்டார்கள் என்று. உட்கார்ந்ததும் பாசியைச் சுரண்டி, பூச்சு அடித்து, கப்பலைத் தள்ளுகிற விசிறியையும் சுக்கானையும் சோதிப்பார்கள். அதே நேரம் மேலே ஹொட்டேல் பகுதிக்குள் நூற்றுக்கணக்கான தச்சர்களும் வயரிங்காரரும் புகுந்துவிடுவார்கள். நான் அப்படி ஒன்றில் இரண்டு கிழமை நின்றேன். தாழ்வாரமெல்லாம் கம்பளத்தை உரித்து வெறும் இரும்பாகக் கிடந்தது, இரண்டாம் கிழமை முடிய அதே இடத்தில் புதுக் கம்பளம், புதுத் திரை, புது மெத்தை. பயணிகள் வந்து "புதுக் கப்பலா?" என்று கேட்டார்கள். சில கப்பல்களை இதைவிடப் பெரிதாகவும் மாற்றுவார்கள். 2005இல் ரொட்டர்டாமில் என்சான்ட்மென்ட் ஒஃப் த சீஸ் கப்பலை நடுவால் குறுக்கே வெட்டி, 22 மீட்டர் நீளத் துண்டொன்றை உள்ளே வைத்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பீங்கான் அடுக்கு இடப்பக்கம் இருக்கிறது. தட்டு 450, சூப் கோப்பை 350, கடினமான வெள்ளைப் பீங்கான், கீழே விழுந்தாலும் இலேசில் சிதறாது, சின்னதாகச் சாப்பாட்டுக் கடை போடுகிறவர்கள் மொத்தமாக எடுத்தால் இன்னும் குறைப்பார். கவனித்துப் பார்த்தால் ஒரே அடுக்கில் இரண்டு மூன்று கம்பெனிகளின் சின்னம் கலந்திருக்கும். வேறு வேறு கப்பல்களின் சரக்கு கலந்துவிட்டது என்று நானா நினைக்கிறார், அப்படியும் இருக்கலாம். ஆனால் ஒரே கப்பலிலேயே இப்படி இருக்கும், ஏனென்றால் கப்பல் கை மாறும்போது பழைய பீங்கான் முழுவதையும் எறிய மாட்டார்கள், பணியாளர் சாப்பாட்டு அறைக்கு இறக்கிவிடுவார்கள். நாங்கள் சாப்பிட்டது அதில்தான்.

பெயர் மாறுவது கப்பலுக்குச் சாதாரண விஷயம். நம்மவர்கள் பலர் கண்ணால் கண்ட உதாரணம் சொல்கிறேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கு வந்ததே எம்பிரஸ், அதைக் கட்டியது செயின்ட் நசேரில், 1990இல் ஓட ஆரம்பிக்கும்போது பெயர் நோர்டிக் எம்பிரஸ். 2004இல் எம்பிரஸ் ஒஃப் த சீஸ் ஆனது. பிறகு ஒரு ஸ்பானியக் கம்பெனிக்குப் போய் வெறும் எம்பிரஸ், 2016இல் பழைய கம்பெனிக்கே திரும்பி மறுபடியும் எம்பிரஸ் ஒஃப் த சீஸ், 2020 கடைசியில் இந்தியாவின் கோர்டீலியா கம்பெனி வாங்க மறுபடியும் எம்பிரஸ். காங்கேசன்துறைக்கு வந்தபோது அதற்கு 33 வயது. அந்த வயதுக் கப்பலில் போகிறவர்கள் புதுக் கப்பலின் வசதியை எதிர்பார்க்கக்கூடாது, ஆனால் அளவு கை அடக்கமாக இருக்கும், வழி தெரியாமல் அலைய வேண்டியதில்லை, என்னைக் கேட்டால் ஒரு குடும்பம் முதல் தடவையாகக் கப்பலேற அதுதான் நல்லது.

இதைவிட நீண்ட கதை பிரான்ஸ் என்ற கப்பலுடையது. நானாவின் மேசைக்கு மேலே ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது, இரண்டு புகைபோக்கியும் இறக்கை வைத்த மாதிரி இருக்கும், அதுதான். படம் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். 1960இல் செயின்ட் நசேரில் தண்ணீரில் இறங்கி, 1962இல் அத்லாந்திக்கைக் கடக்க ஆரம்பித்தது, 316 மீட்டர் நீளம். விமானம் ஆட்களைப் பறித்துக்கொள்ள, எண்ணெய் விலையும் ஏற, 1974இல் நிறுத்திவிட்டார்கள். 1979இல் நோர்வேக்காரர் வாங்கி, நோர்வே என்று பெயர் வைத்துக் கரீபியனில் உல்லாசப் பயணத்துக்கு விட்டார்கள், கிட்டத்தட்ட இன்னுமொரு கால் நூற்றாண்டு ஓடியது. 2003 மே மாதம் மயாமியில் கொதிகலன் வெடித்தது. இறந்த எட்டுப் பேரும் பணியாளர்கள். அதற்குப் பிறகு அது பயணிகளை ஏற்றவேயில்லை. புளூ லேடி என்ற பெயரோடு 2006இல் அலங் கரைக்கு வந்தது, உள்ளே ஆயிரம் டன்னுக்கு மேல் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) கலந்த பொருள் இருக்கிறது என்று வழக்குப் போட்டார்கள், பங்களாதேஷ் அதற்கு முன்னமே உள்ளே விட மறுத்திருந்தது. 2007 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் உடைக்க அனுமதி கொடுத்தது.

நான் வேலை செய்த கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. 2020இல் பயணிகளை இறக்கிவிட்டு எங்களை மாதக்கணக்கில் நங்கூரத்தில் வைத்திருந்தார்கள், கடைசி இரண்டு மாதச் சம்பளம் ஆறு மாதம் பிந்தி வந்தது, என்னைச் சேர்த்துவிட்ட ஏஜென்சி தொலைபேசியையே எடுக்கவில்லை. அந்த ஏப்ரல் மாதம் எம்.எஸ்.சி. மக்னிஃபிக்கா கொழும்புக்கு வந்து, அதிலிருந்த ஓர் இலங்கைச் சமையல்காரரைக் கடற்படை இறக்கியெடுத்த செய்தியை நாங்கள் கப்பலில் இருந்துகொண்டு பார்த்தோம். அவர் வீடியோவில் கேட்டிருந்தார், இறக்கிவிட்டார்கள். எங்கள் கப்பலில் நாலு இலங்கையர் இருந்தோம், அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருப்போமோ தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் கப்பல் துருக்கியில் கப்பல் உடைக்கிற அலியாகா கரைக்குப் போனது. அந்த வருஷம் அங்கே கார்னிவல் ஃபன்டசி, இன்ஸ்பிரேஷன், இமாஜினேஷன், சொவரின், மொனார்க் என்று கப்பல்கள் பக்கத்தில் பக்கத்தில் மூக்கைக் கரையில் குத்திக்கொண்டு நின்ற படங்கள் உலகம் முழுக்க ஓடின. அதனால் நானாவின் கடையில் என் கப்பலின் சாமான் இருக்க வழியே இல்லை, இது முழுக்க அலங் சரக்கு. தெரிந்துகொண்டேதான் நாற்பது பெட்டியின் இலக்கத்தையும் நான் வாசித்தேன்.

அலங்கில் உடைக்கிற முறை வேறு. காம்பே வளைகுடாவில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் பத்து மீட்டர் அளவுக்கு வரும். பௌர்ணமி, அமாவாசைப் பெருக்கின்போது கப்பலை முழு வேகத்தில் கரையைப் பார்த்து ஓட்டி ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் வற்றியதும் சேற்றில் நிற்கும். கடைசிப் பயணத்துக்கென்று பெயரில் சில எழுத்தை அழித்துவிடுவதும், கொடியை மாற்றிவிடுவதும் வழக்கம். விலை பேசுவது கப்பலின் வெறும் உடம்பு எடைக்கு, டன்னுக்கு இத்தனை டொலர் என்று. சரக்குக் கப்பலைச் சில மாதத்தில் முடித்துவிடலாம், பயணிகள் கப்பலுக்கு அதைவிட நிறையக் காலம் வேண்டும், ஏனென்றால் இரும்பில் கை வைக்க முன்னம் ஆயிரக்கணக்கான கட்டில், கண்ணாடி, மெத்தை, வயர் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். பிறகு ஒக்சிஜனும் காஸும் பிடித்து மூக்கிலிருந்து துண்டு துண்டாக வெட்டி விழுத்தி, வின்ச்சால் இழுப்பார்கள். தகடு உருட்டாலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகும். அந்த வேலைக்கு ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். வெட்டுகிற துண்டு தவறி விழுந்தும், தொட்டிக்குள் தங்கியிருந்த வாயு தீப்பற்றியும் அங்கே ஆட்கள் செத்திருக்கிறார்கள். கப்பல் உடைப்புக்கான ஹொங்கொங் உடன்படிக்கை 2009இல் எழுதி, 2025 ஜூன் 26இல்தான் நடைமுறைக்கு வந்தது. இனிக் கப்பலுக்குள் எந்த விஷம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் கப்பலோடு போக வேண்டும். 16 வருஷம் காத்திருந்த விதி, ஒழுங்காகப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு உண்மையான ஆசை.

சரி, தொடக்கூடாத சாமான்களுக்கு வருகிறேன்.

சுவர்ப் பலகை. பின்பக்கம் எட்டோ பத்தோ சாத்தியிருக்கிறது, ஒருவர் வீட்டுக்குள் அறை தடுக்க விலை கேட்டுக்கொண்டு நின்றார். மாமா அதன் வெட்டிய ஓரத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தள்ளிப் போய்விட்டார். புதுக் கப்பல்களில் கல்நார் போட 2002இல்தான் தடை வந்தது. இப்போது உடைபடுகிற பயணிகள் கப்பல்களில் நிறைய அதற்கு முன்னம் கட்டியவை. பலகை சும்மா சாத்தியிருந்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, வாளால் அறுத்தாலோ துளை போட்டாலோ தூசி நெஞ்சுக்குள் போகும், நோய் வர இருபது முப்பது வருஷம்கூட எடுக்கும். பழைய ஆட்கள் அந்தத் தூசிக்குள் வெறும் முகத்தோடு நின்ற காலத்தை மாமா கண்டவர். எல்லாப் பலகையிலும் கல்நார் இருக்கும் என்று நான் சொல்லவில்லை, பார்த்துப் பிரித்தறிய உங்களாலோ என்னாலோ நானாவாலோ முடியாது என்றுதான் சொல்கிறேன். மாமா பொறுமையாக இருந்து நானாவுக்கு விளங்கப்படுத்தினார். அவர் அப்போதே பையனைக் கூப்பிட்டு ஒரு தார்ப்பாய் போட்டு மூடினார், கேட்டுக்கொண்டு நின்றவரிடமும் விற்கவில்லை. அதற்காகவே இந்தக் கடைக்கு மறுபடியும் போவேன்.

பழைய புகை உணரிகளும் வேண்டாம். ஒரு வகைக்குள் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும், புளூ லேடி வழக்கிலேயே அது பேச்சானது.

மின்சாரச் சாமானில் என் காசு போயிருக்கிறது. முதல் தடவை போனபோது அழகான கட்டில் விளக்கொன்று 3,200க்கு வாங்கி, வீட்டில் செருகியதும் பட்டென்று போய்விட்டது. அமெரிக்கப் பயணிகளுக்கென்று ஓடுகிற கப்பல்களில் 110 வோல்ட் சாமான் நிறைய, நமக்கு 230. அதோடு கப்பலில் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50, அதனால் மோட்டர் உள்ள சாமான் ஒன்று வேகம் குறைந்து ஓடும், இல்லாவிட்டால் சூடேறிப் போகும். பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதை வாசியுங்கள், 220 முதல் 240 என்று இல்லாவிட்டால் எடுக்காதீர்கள். விளக்குக் கூட்டை மட்டும் எடுத்து உள்ளே புது வயரும் ஹோல்டரும் போடுவதென்றால் சரி, பித்தளை வேலை அருமையாக இருக்கிறது. நானா காசைத் திருப்பித் தரவில்லை, பாதிப் பெறுமதிக்கு வேறு சாமான் எடுக்கச் சொன்னார், நாலு சூப் கோப்பை எடுத்தேன். விற்க முன்னம் அவரே சொல்லியிருக்க வேண்டும், இதை நான் குறையாகவே எழுதுகிறேன்.

எனக்கு ஆகக் கவலையான சாமான் உயிர்காப்பு அங்கி. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குவியல் கிடக்கிறது, ஒன்று 1,500. முகத்துவாரம் பக்கத்துப் படகுக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டு போகிறார்களாம். கப்பலில் ஒவ்வொரு பயணமும் இந்த அங்கியை மாட்டி வரிசையில் நிற்கவைத்துப் பயிற்சி கொடுத்தவன் நான். 2012 ஜனவரியில் கொஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, அந்தப் பயிற்சியை முடிக்காமல் துறைமுகத்தை விட்டு வெளிக்கிட மாட்டோம் என்று கம்பெனிகள் முறையை மாற்றின. அங்கியின் நுரை வருஷம் போகப் போக அமுங்கி மிதக்கும் சக்தி குறையும், வெயில் பட்ட தையல் உக்கும், அதனால்தான் கப்பலில் சோதித்துச் சோதித்து மாற்றுவார்கள். உடைக்கப் போன கப்பலில் மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. நான் ஒன்றை எடுத்துத் தோள்பட்டி நாடாவை இழுத்தேன், கையோடு வந்தது. நானாவின் முன்னால்தான் இழுத்தேன். "அலங்காரத்துக்கு என்று எழுதிப் போடுங்கள் நானா, கடலுக்குப் போகிறவனுக்குக் கொடுக்க வேண்டாம்" என்று கேட்டேன். "யோசிக்கிறன் தம்பி" என்றார். அடுத்த தடவை போகும்போது அந்தக் குவியல் இருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் புது அங்கி வாங்கிக் கொடுங்கள், இந்தக் கடையில் வேண்டாம்.

மற்றபடி சேவை நல்லது. அவசரப்படுத்த மாட்டார், எல்லாவற்றையும் தூக்கித் திருப்பிப் பார்க்க விடுவார், தேத்தண்ணி வரும். அட்டை எடுப்பதில்லை, காசுதான். கொழும்புக்குள் சின்ன லொறியில் கொண்டுவந்து இறக்க 2,500 வாங்கினார்கள், மூன்றாம் மாடிக்குப் படியால் தூக்கி வந்த பையன்களுக்கு நாங்கள் தனியாகக் கொடுத்தோம். எஃகுச் சமையல் மேசை வாங்குகிறவர்கள் அளந்துகொண்டு போங்கள், கப்பல் கதவுக்கு அளந்து செய்தது நம் அடுக்களைக் கதவுக்குள் நுழையாமலும் போகலாம். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் மூடியிருக்கும், சனிக்கிழமை காலை போவதுதான் நல்லது, பின்பக்கம் வெளிச்சம் இருக்கும்போது பார்க்கலாம்.

கதிரை எங்கள் பல்கனியில் கிடக்கிறது. அம்மா அதில் இருந்துகொண்டுதான் கீரை ஆய்கிறார், கைப்பிடியை அழுத்தித் தானாகவே எழும்புகிறார். அதே வகையில் இன்னும் இரண்டு கடையில் இருக்கின்றன, ஒன்று மாமாவுக்கு, ஒன்று எனக்கு என்று முன்பணம் கட்டிவிட்டு வந்தேன். முதுகில் நீல நாடா கட்டியிருக்கும், தயவுசெய்து அந்த இரண்டையும் விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்.